இடார்சியில் எடுத்த படம்

ஜூலை 2, புதன்

எனக்கு ஞாபகம் தவறிவிட்டது என்று பெனடிக்ட் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அது சரியல்ல. எனக்கு எண்பத்தைந்து வயது ஆகிறது. வலது கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம். முழங்கால் இரண்டும் சொன்னபடி கேட்பதில்லை. ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் கேட்ட வேலையை நான் முடித்துத் தரவில்லை, அவ்வளவுதான். முடிக்காததற்கும் மறப்பதற்கும் வித்தியாசம் உண்டு. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் அந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வேலை இதுதான். என் அண்ணன் இன்னாசிமுத்துவுக்கு இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி நூறு வயது. அவர் இறந்து பத்தொன்பது வருடமாகிறது. அவருடைய மகன் பெனடிக்ட் பூசை வைத்து, ஒரு நினைவு மலரும் வெளியிடுகிறான். ரயில்வேயில் அண்ணனோடு வேலை பார்த்தவர்கள், பொன்மலைத் தேவாலயப் பங்கு மக்கள் எல்லோரும் வருகிறார்கள். மலரில் போட அண்ணன் எடுத்த பயணப் படங்கள் வேண்டும். ஆல்பம் என்னிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எப்போது என்று துண்டுச் சீட்டில் எழுதித் தரவேண்டும். பதினைந்தாம் தேதி அச்சகத்துக்குப் போகவேண்டும்.

மொத்தம் நாற்பத்து மூன்று படங்கள். நாற்பத்திரண்டுக்கு எழுதிவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

கண்ணுக்குக் காலைச் சொட்டு மருந்து போடவில்லை. மறதி அல்ல. அலுப்பு.

ஜூலை 5, சனி

சகாயம் வீடு கூட்ட வந்தவள், மேசைமேல் ஆல்பம் விரித்திருந்ததைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தோடு பத்து நிமிடம் நின்றாள். டார்ஜிலிங்கில் நான் கம்பளிச் சட்டையோடு நிற்கும் படத்தைக் காட்டி, இது யாரு டீச்சர், சினிமாக்காரி மாதிரி என்றாள். என்னைத்தான் என்று தெரிந்தே கேட்கிறாள். வேலையைப் பார் என்றேன்.

பார்த்தால் யாருக்கும் தோன்றும் கேள்விதான். டிக்கெட் பரிசோதகரின் குடும்பம் எப்படி இத்தனை ஊர் சுற்றியது? ரயில்வேக்காரர்களுக்கு வருடத்துக்கு இத்தனை என்று இலவசப் பாஸ் உண்டு. பாஸில் மனைவி, பிள்ளைகள் பெயரை எழுதலாம். தகப்பன் இல்லாத குடும்பமானால், வருமானமில்லாமல் கூடவே இருக்கும் கல்யாணமாகாத தங்கையையோ விதவைத் தங்கையையோ சேர்க்கலாம். அண்ணன் ஒவ்வொரு மே மாதமும் எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். மைசூர், பூரி, டார்ஜிலிங், கோவா. அண்ணி ஒரு டிரங்குப் பெட்டி நிறைய எலுமிச்சை சாதமும் முறுக்கும் கொண்டுவருவாள். பெனடிக்டும் அவன் அக்கா ரெஜினாவும் மேல் பலகைக்குச் சண்டை போடுவார்கள்.

பெனடிக்டுக்குப் பெரிய குறை, அண்ணன் எந்தப் படத்திலும் இல்லை என்பது. அப்பாவைப் பத்தின மலருல அப்பாவே இல்லையே அத்தை என்று போனில் புலம்பினான். பெட்டிக் கேமராவை அவர் யாரிடமும் கொடுக்கமாட்டார். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும் என்பது அவருடைய ஒரே விதி. அதனால் பாதிப் படங்களில் அவருடைய நிழல் தரையில் நீளமாக எங்கள் பக்கம் வந்து கிடக்கிறது. தொப்பி, இரண்டு முழங்கை, நடுவில் பெட்டி. இதைச் சொன்னால், நிழலுக்கெல்லாம் யாரு அத்தை மாலை போடுவா என்கிறான்.

மீதமுள்ள படம் இடார்சி நிலையம். 11 மே 1973. டில்லி போகும் வழியில். நான் நடைமேடையில் மண் குவளையில் டீயோடு நிற்கிறேன். வண்டி நின்றவுடன் இறங்கி எடுத்தது. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து பெனடிக்ட் வீட்டுக்கு வந்தான். மலரின் அச்சுப் படி கொண்டுவந்திருந்தான். சிவப்புப் பேனாவும் அவனே கொண்டுவந்திருந்தான். பிழை இருந்தா வட்டம் போடுங்க அத்தை, ஆனா நீங்க ஆரம்பிச்சா பக்கம் பூரா சிவப்பாயிரும், பாத்துப் போடுங்க என்றான். பதினோரு இடத்தில் போட்டேன். அதில் ஒன்பது சந்திப் பிழை. சிரித்துக்கொண்டான்.

மற்ற இரண்டு அவன் எழுதிய வாக்கியங்கள். அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"இளம் வயதிலேயே கணவரை இழந்த தங்கையைக் கடைசிவரை தம் ஆதரவில் வைத்துக் காப்பாற்றினார்."

"சொந்த மைத்துனருக்கே அபராதம் எழுதிய நேர்மையாளர், 1973க்குப் பிறகு ரயில்வே தந்த இலவசப் பயணச் சலுகையையும் தாமாகவே துறந்தார்."

முதல் வாக்கியத்துக்கு மட்டும் வாயைத் திறந்தேன். 1967 ஜூன் முதல் நான் சம்பளம் வாங்கியவள், என்னை யாரும் வைத்துக் காப்பாற்றவில்லை, எடுத்துவிடு என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்பாவோட நல்ல மனசைத்தானே சொல்றேன், உங்களைக் குறைச்சா சொல்றேன் என்றான். அவன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதும்தான் உறைத்தது. 1967 முதல் நான் வேலை பார்த்தவள் என்று மலரில் வந்தால், கூடவே என் டார்ஜிலிங் படமும் பூரி படமும் இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் ரயில்வேக்காரர்கள். பாஸ் விதி அவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். சம்பளம் வாங்கும் தங்கை எப்படி இன்னாசிமுத்துவின் பாஸில் போனாள் என்று முதல் வரிசையிலேயே கேட்டுவிடுவார்கள்.

ஆக, என்னைப் பற்றிய பொய் நிற்கவேண்டும். இல்லையானால் அண்ணனின் பெயர் நிற்காது.

ஜூலை 7, திங்கள்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் நாளைக்கு வருவானாம்.

ஜூலை 8, செவ்வாய்

ஆள் வரவில்லை. சகாயம் தெருக்குழாயில் ஆறு குடம் பிடித்து ஊற்றினாள். அவளுக்கு இடுப்பு வலி. எனக்கு முழங்கால். இரண்டு பேரும் ஒரு வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சமையலறைக்குக் கொண்டுபோனோம்.

ஜூலை 9, புதன்

கான்வென்டில் எங்களுக்கு நாட்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்த மதர், எழுதியதை அழிக்க விடமாட்டார். தவறு என்று தெரிந்தால் மறுபக்கத்தில் திருத்தம் எழுதவேண்டும். அந்தப் பழக்கத்தில் இன்று ஒரு திருத்தம்.

ஜூலை 5 அன்று பாஸைப் பற்றி எழுதியதைப் படிக்கிறவர்களுக்கு, என் பெயரை அண்ணன் எப்படி எழுதினார் என்பது எனக்குத் தெரியாது என்று தோன்றக்கூடும். தெரியும்.

என் கணவர் சவரிராயன் 1964இல் மஞ்சள் காமாலையில் போனார். கல்யாணமாகி ஒன்றரை வருடம். அண்ணன் வந்து என்னைப் பொன்மலைக் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிவந்தார். ஆசிரியர் பயிற்சிக்கு அவர்தான் சேர்த்துவிட்டார். பயிற்சிக்குப் போவேன், வருவேன், அறைக்குள் போய்விடுவேன். கோயிலுக்குக் கூடப் போனதில்லை. 1966இல் மைசூர் போனபோது பாஸில் வருமானமில்லாத விதவைத் தங்கை என்று எழுதியது உண்மை. அந்த வருடம் நான் அப்படித்தான் இருந்தேன். அடுத்த ஜூனில் வேலை கிடைத்தது. அதற்கடுத்த ஏப்ரலில் அண்ணன் சாப்பாட்டு மேசையில் உறுதிமொழித் தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். என் பெயருக்கு எதிரே அதே வார்த்தைகள். அண்ணா, இது சரியில்லையே என்றேன். அவர் நிமிரவில்லை.

"மைசூர்லதான் நீ ரெண்டு வருஷத்துல முதல் தடவையா ஒரு முழுத் தோசை சாப்பிட்ட. எனக்கு அது போதும் பாப்பா. ஒரு வருஷம் போகட்டும்."

அவர் ஒரு வருடம் என்றார். ஆறு வருடம் போனது. ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்தத் தாள் மேசைக்கு வரும்போது நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். மச்சானுக்கே அபராதம் எழுதியவர் என்று ஊரே சொல்லும் மனிதர், எனக்காக வருடத்துக்கு ஒரு முறை பொய்யில் கையெழுத்துப் போட்டார். நான் மே மாதத்துக்குப் புதுச் சேலை தைத்துக்கொண்டேன். அதாவது ஓரம் அடித்துக்கொண்டேன்.

ஜூலை 10, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது. பெனடிக்ட் இரண்டு முறை போன் செய்தான். எடுக்கவில்லை.

இன்னொரு திருத்தம். இடார்சிப் படம் வண்டி நின்றவுடன் எடுத்ததல்ல.

அன்று வண்டி ஏதோ காரணத்தால் முக்கால் மணி நேரம் நின்றது. வெயில் சாய்கிற நேரம். அண்ணி கூஜாவோடு தண்ணீர் பிடிக்க இறங்கியிருந்தாள். பிள்ளைகள் மேல் பலகைகளில் தூங்கினார்கள். பாஸ் பரிசோதனை என்று இரண்டு அதிகாரிகள் ஏறினார்கள். ஒருவர் இளைஞர், டை கட்டியிருந்தார். அண்ணன் பாஸை நீட்டினார். அந்த இளைஞர் என் பெயருக்கு எதிரே இருந்ததைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். உங்களுக்குச் சொந்த வருமானம் ஏதாவது உண்டா என்று, அண்ணன் தமிழில் எடுத்துச் சொல்லட்டும் என்பதுபோல், ஆங்கிலத்தில் கேட்டார். உண்டு, நான் ஆசிரியை, ஆறு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன் என்று ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொன்னேன். கேட்டார், உண்மையைச் சொன்னேன்.

சொல்லிவிட்டு எழுந்து நடைமேடைக்கு இறங்கிப் போய்விட்டேன். உள்ளே பேசியது எனக்குத் தெரியாது. பத்து நிமிடம் கழித்து அண்ணன் இறங்கி வந்தார். கையில் இரண்டு மண் குவளை டீ. ஒன்றை என்னிடம் கொடுத்தார். கழுத்தில் கேமரா தொங்கியது. தள்ளிப் போய் நின்று, சிரி பாப்பா என்றார். நான் சிரிக்கவில்லை. எடுத்தார்.

சுருளில் அது ஏழாவது படம். இன்னும் ஐந்து இருந்தது. டில்லி போனோம், ஆக்ரா போனோம், தாஜ்மகாலின் முன்னால் பிள்ளைகள் நின்றார்கள். அவர் கேமராவைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

ஊர் திரும்பியதும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பாஸை நிறுத்தினார்கள். தலைமைப் பரிசோதகர் பதவிக்கு அவர் பெயர் முதலில் இருந்தது. அதற்குப் பிறகு எடுக்கப்படவே இல்லை. பரிசோதகராகவே 1983இல் ஓய்வு பெற்றார். தடை முடிந்த பிறகும் பாஸுக்கு எழுதவில்லை. பிள்ளைகள் கேட்டால், நிறையப் பாத்தாச்சு, போதும் என்பார். பெனடிக்ட் எழுதியிருக்கும் துறவு இதுதான். அண்ணியிடம், தாளைத் தாம்தான் தப்பாக நிரப்பிவிட்டதாக மட்டும் சொல்லியிருக்கிறார். என்னிடம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. ஒரு கோபம், ஒரு முணுமுணுப்பு கிடையாது. அது இருந்திருந்தால் நான் அந்த வீட்டிலேயே இருந்திருப்பேன். இரண்டு வருடம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போனேன். நாத்தனாரை மதலேன் விரட்டிவிட்டாள் என்று அண்ணியைப் பற்றிப் பங்கில் பேசினார்கள். அண்ணி என்னை விரட்டவில்லை. அதையும் நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

நேற்று எழுதியதில் "கேட்டார், உண்மையைச் சொன்னேன்" என்று இருக்கிறது. முழுதாக எழுதவேண்டும்.

என்னைக் கேட்பதற்கு முன் அந்த இளைஞர் கூட வந்தவரிடம், எனக்குப் புரியாது என்று நினைத்து, ஆங்கிலத்தில் ஒன்று சொன்னார். ஒவ்வொரு பாஸிலும் இப்படி ஒரு விதவை தொங்கிக்கொண்டு வருகிறாள் என்றார். நான் பதில் சொன்னது அதற்குத்தான்.

சாப்பிடவில்லை. சகாயம் வைத்த ரசத்தை இரவுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 12, சனி

ரெஜினா தஞ்சாவூரிலிருந்து வந்தாள். தம்பி அனுப்பியிருக்கிறான் என்று படியேறும்போதே ஒப்புக்கொண்டாள். அறுபத்திரண்டு வயது, பேரன் எடுத்துவிட்டாள், இன்னும் செருப்பை வாசலில் நேராக விடத் தெரியவில்லை. சொன்னேன். திரும்பிப் போய் நேராக வைத்துவிட்டு வந்தாள்.

மலரில் எதையும் மாற்றவேண்டாம், அந்த ஒரு படத்தை விட்டுவிடலாம், நாற்பத்திரண்டு போதும் என்றாள். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மூன்று நாள் எழுதிப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தேன். இடார்சியில் நடந்ததை எழுதுவது. என்னைப் பற்றிய வாக்கியமும் போகவேண்டும், அவர் பாஸைத் துறந்தார் என்பதும் போகவேண்டும். ஆனால் அண்ணனின் கையெழுத்துப் பொய் என்று ஊர் முன்னால் வைக்க எனக்கு என்ன உரிமை என்பதுதான் இன்னும் தீரவில்லை. அன்றைக்கே ஒரு முறை காட்டிக்கொடுத்தவள். இரண்டாம் முறையும் நானா?

இடார்சி என்றதும் அவள் என்ன என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்திருக்கவேண்டும். முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் தூங்கல அத்தை," என்றாள். "தம்பிதான் தூங்குனான். நான் மேல கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். நீங்க சொன்னதும் கேட்டுச்சு. நீங்க எறங்கிப் போனப்புறம் பேசுனதும் கேட்டுச்சு."

அவளே சொன்னாள்.

"இங்கிலீஷ்லதான் பேசுனாங்க, நீங்க சொல்லிக்குடுத்திருந்ததால எனக்குப் புரிஞ்சுது. அந்த ஆபீசர் கெட்டவர் இல்ல. அப்பாவும் டிக்கெட் செக்கர்னு தெரிஞ்சதும் மனசு எறங்கிட்டாரு. 'உங்க தங்கச்சிக்கு இங்கிலீஷ் சரியாப் புரியல, ஏதோ சொல்லிட்டாங்கன்னு விட்டுர்றேன். நீங்க ஆமான்னா போதும்'னாரு."

அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'என் தங்கச்சி கான்வென்ட்ல படிச்சவ. அவ இங்கிலீஷ் உங்க இங்கிலீஷ விட நல்லாருக்கும். அவ சொன்னத அப்படியே எழுதுங்க'ன்னாரு. எழுதி முடிச்சதும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அப்புறம் நிமிந்தாரு, நான் முழிச்சிட்டிருக்கறதப் பாத்துட்டாரு. அத்தைகிட்ட சொல்லாதன்னாரு. ஏன்ப்பான்னேன். 'அவளுக்கு யாரும் எதுவும் குடுத்தா பிடிக்காது'ன்னாரு."

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதுமாக இருந்திருக்கிறது. பாஸ் இருந்திருக்கும். தலைமைப் பரிசோதகர் பதவி இருந்திருக்கும். தங்கை செசிலிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று மட்டும் ஒப்புக்கொண்டிருந்தால் போதும்.

ஐம்பத்திரண்டு வருடம் இதை வைத்திருந்தாயா என்று கேட்டேன். அப்பா சொல்லாதன்னாரே என்றாள். பிறகு, நான் கேட்காமலேயே, அவளுக்கு என்மேல் ரொம்ப நாள் கோபம் இருந்தது என்றாள். தாஜ்மகாலுக்கு முன்னால் வகிடெடுத்து ரிப்பன் கட்டி நின்றிருக்கிறாள். ஒரு படம் இல்லை. பத்து வயசுக்கு அதுதான் அத்தை பெரிய விஷயம் என்றாள்.

காப்பி போடுகிறேன் என்று எழுந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அவள் வந்து துடைத்தாள். அடுப்பைத் துடைக்க ஈரத்துணி எடுக்கவேண்டும், காய்ந்த துணி எடுத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முழங்கால் என்று சொல்லியனுப்பினேன். முழங்காலும்தான்.

ஆல்பத்தை எடுத்து அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வருடமாக அதில் என் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். எவ்வளவு விறைப்பு, எவ்வளவு கோணல் என்று. இன்று அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். பதவி போகும் என்று தெரிந்த மனிதர், பத்து நிமிடத்துக்குள் டீ வாங்கிக்கொண்டு வந்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்திருக்கிறார். கை நடுங்கியிருந்தால் படம் கலங்கியிருக்கும். தெளிவாக இருக்கிறது. குவளையின் விளிம்பில் ஒடிந்த இடம் கூடத் தெரிகிறது.

அவர் பொய்யில் கையெழுத்துப் போட்டது ஆறு தடவை. அதை மறைக்க இன்னொரு பொய்யை நீட்டியபோது வாங்காதது ஒரு தடவை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அது அண்ணன் இல்லை.

ஜூலை 14, திங்கள்

சகாயத்தின் மகள் வேலைக்குப் போகிற வழியில் பெனடிக்ட் வீட்டில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நாற்பத்து மூன்று சீட்டுகளும் கட்டியாகிவிட்டது. உள்ளே வைத்த கடிதத்தின் நகல்:

அன்புள்ள பெனடிக்ட்,

சீட்டுகள் அனைத்தும் இதனுடன் உள்ளன. ஆறாம் தேதி நான் வட்டமிட்ட முதல் வாக்கியத்தை எடுத்துவிடு. அண்ணன் பாஸைத் தாமாகவே துறந்தார் என்பதையும் எடுத்துவிடு. அபராதம் எழுதியது மைத்துனருக்கு அல்ல, உன் அம்மாவின் சித்தப்பாவுக்கு. அதையும் திருத்து. நாற்பத்து மூன்றாம் படத்துக்குக் கீழே பின்வருவதை ஒரு சொல்லும் குறைக்காமல் போடவேண்டும்:

"இடார்சி, 11 மே 1973. படத்தில் இருப்பவர் இன்னாசிமுத்துவின் தங்கை செசிலி. அப்போது ஆறு ஆண்டுகளாக ஆசிரியை. துக்கத்திலிருந்து தங்கையை வெளியே கொண்டுவர அண்ணன் அவரை வருமானமில்லாதவர் என்று பாஸில் எழுதிவந்தார். அது விதிக்கு மாறானது. இந்த நிலையத்தில் தங்கை அதிகாரிகளிடம் உண்மையைச் சொன்னார். தங்கைக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவதாக அவர்கள் சொன்னார்கள். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. பாஸையும் பதவி உயர்வையும் இழந்தார். அதன் பிறகு எடுத்த படம் இது."

நடந்ததற்கு ரெஜினா சாட்சி. அவளைக் கேட்டுக்கொள். தங்கை அன்று ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை மலரில் போடவேண்டியதில்லை. அது ஒரு நல்ல காரணம் அல்ல. நீ நேரில் வந்தால் உனக்குச் சொல்கிறேன்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன் அப்பாவின் பெயரைக் கெடுக்கிறேன் என்று தோன்றினால் இரண்டு முறை படித்துப் பார். அப்போதும் தோன்றினால் போடாதே. ஆனால் அப்படியானால் என் படம் எதுவும் அந்த மலரில் வரக்கூடாது.

போடுகிறாயா இல்லையா என்பதை நாளை அச்சகத்துக்குப் போவதற்கு முன் எனக்குத் தெரியப்படுத்து. போனில் வேண்டாம். ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அத்தை,
செசிலி சவரிராயன்